தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

“இன்றைய விஞ்ஞான யுகத்தில் உலகம் சுருங்கிவிட்டது” என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். கட்டுரைப் போட்டிகளில் நாமும் அவ்வாறே எழுதிப் பரிசும் பெறுகிறோம். ஆனால் சற்றே நின்று எண்ணிப் பார்ப்போமானால், உலகம் ஓர் அங்குலமும் சுருங்கவில்லை என்பது விளங்கும். பூமியின் சுற்றளவு நம் பாட்டியார் காலத்திலும் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான். இன்றும் அதே 40,000 கிலோமீட்டர்தான். சுருங்கியது தூரம் அன்று, நேரம்.

தூரமும் நேரமும் இரட்டைப் பிள்ளைகளைப் போலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல. “சிதம்பரம் எவ்வளவு தூரம்?” என்று பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவரைக் கேட்டால், “ஒரு மணி நேரம் ஆகும், பாப்பா” என்றுதான் பதில் வரும். தூரத்தைக் கேட்டோம், நேரத்தைச் சொன்னார். நமக்கும் அதுவே போதுமாக இருந்தது. ஆனால் ஆகாய விமானப் பிரயாணம் என்று வரும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் கணக்கு குழம்பிவிடும். ஆகவே, நாம் நன்கறிந்த கடலூர் – சிதம்பரம் வழியிலேயே புறப்பட்டு, அங்கிருந்து அயல்நாட்டு நகரங்கள் வரை சென்று வருவோம்.

ஒரே வழிக்கு மூன்று தூரங்கள்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு? இதற்கு ஒரு விடை அன்று, மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, சாலைத் தூரம். கடலூரிலிருந்து பழைய நகரம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் 45 கிலோமீட்டருக்கும் சற்று மேல். குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று சுற்றிச் செல்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

இரண்டாவது, ரயில் தூரம். கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை நிலையங்களைக் கடந்து சிதம்பரம் சேரும் பாதை, சாலையைவிட நேரானது. முன்பு மீட்டர் பாதையாக இருந்த இது அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2010ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது.

மூன்றாவது, ஆகாயத் தூரம். அதாவது ஒரு காகம் எங்கும் திரும்பாமல் நேரே பறந்தால் எவ்வளவு தூரம் பறக்கும் என்பது. இதை நாமே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு அட்லஸும் பிதாகோரஸ் தேற்றமும் போதும்.

கடலூர் ஏறத்தாழ 11.75 பாகை வட அட்சரேகையிலும், 79.77 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. சிதம்பரம் 11.40 பாகை வடக்கு, 79.69 பாகை கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 0.35 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்பதால் இது 39 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 0.08 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், நம் பகுதியில் அவற்றின் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 109 கிலோமீட்டர். ஆகவே 9 கிலோமீட்டர். இவ்விரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். 39-இன் வர்க்கம் 1,521, 9-இன் வர்க்கம் 81, கூட்டினால் 1,602. அதன் வர்க்கமூலம் 40. ஆக, ஆகாய வழியில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் 40 கிலோமீட்டர்!

காகத்திற்கு 40 கிலோமீட்டராக இருப்பது பேருந்துக்கு 45-க்கு மேல் ஆவது ஏன்? சாலை மனிதர்களுக்காகப் போடப்பட்டது. ஊர்களைத் தொட வேண்டும். ஏரிகளைச் சுற்ற வேண்டும். பரவனாற்றையும் வெள்ளாற்றையும் பாலம் கட்டத் தகுந்த இடத்தில்தான் கடக்க வேண்டும். காகத்துக்குப் பாலம் எதற்கு?

தூரத்தை அளந்த கதை

ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று எளிதாக எழுதிவிட்டோம். அதை அளந்தவர்கள் பட்ட பாடு பெரிது. அந்தப் பணியின் ஒரு பெரும் அத்தியாயம் நம் தமிழ்நாட்டிலேயே தொடங்கியது என்பது நமக்குப் பெருமை.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, தொலைவிலுள்ள மலைகளையும் கோபுரங்களையும் குறிபார்த்து, கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் முக்கோணமாகத் தேசத்தின் படம் வரையப்பட்டது. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம் என்று நாம் வகுப்பில் படிக்கிறோமே, அதுவேதான்! 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றியபோது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதிச் சேதமுற்றது. லாம்டன் மனம் தளராமல் பல வாரங்கள் உழைத்து, தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார் என்று வரலாறு கூறுகிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த முக்கோணச் சங்கிலியை இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றனர்.

கப்பல் மாலுமிகளும் விமானிகளும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. ‘கடல் மைல்’ என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். அது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகம் ஒரு ‘நாட்’. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அட்சரேகை வித்தியாசம் 21 கலை என்றால், தெற்கே 21 கடல் மைல் என்று விமானி உடனே சொல்லிவிடுவார். பூமியே அவருக்கு அளவுகோல்.

உருண்டையின் மேல் நேர்கோடு

நாற்பது கிலோமீட்டருக்குப் பிதாகோரஸ் போதும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்றால் போதாது. பூமி தட்டையான பலகை அன்று, உருண்டை. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி எது?

இதை அறிய, பூகோள அறையிலுள்ள உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தில்லியில் ஒரு முனையையும் நியூயார்க்கில் மறு முனையையும் வைத்து நூலை இறுக்கிப் பிடியுங்கள். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் நியூயார்க் நமக்கு மேற்கே இருப்பதாகத் தோன்றுகிறது. நூலோ வடக்கே ஏறி, ஆர்க்டிக் பகுதியைத் தொட்டு, மறுபுறம் இறங்குகிறது! இதற்குப் ‘பெருவட்டப் பாதை’ என்று பெயர். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்குப் பகுதிகள் இழுபட்டுப் பெரிதாகிவிடுகின்றன. ஆகவே, தாளில் வளைந்து தெரியும் வழிதான் உண்மையில் குறுகிய வழி.

விமான நிறுவனங்கள் இந்தப் பெருவட்டத் தூரத்தையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஆனாலும் விமானம் அதே கோட்டில் பறப்பதில்லை. வானத்திலும் குறிக்கப்பட்ட பாதைகள் உண்டு. புயல் மேகங்களை விலகிப் போக வேண்டும். சில நாடுகளின் வான்வெளியைச் சுற்றிப் போக வேண்டும். ஆகவே பறக்கும் தூரம் எப்போதும் கணக்குத் தூரத்தைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

விமானம் ஏன் கணக்குக்கு அடங்குவதில்லை?

இப்போது ஒரு வேடிக்கைக் கணக்கு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு விமானம் விட்டால் எத்தனை நிமிடம் ஆகும்? பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தூரம் 40 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் மூன்று நிமிடம்! “ஆகா, இரண்டாவது மணி அடித்தபின் வீட்டிலிருந்து புறப்பட்டாலும் பள்ளிக்கு வந்துவிடலாமே!” என்று சிதம்பரத்துத் தோழியர் மகிழ வேண்டாம். அந்தக் கணக்கு தவறு.

ஜெட் விமானம் முழு வேகத்தை அடைவது தரையிலிருந்து 10 அல்லது 12 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே காற்று மிக மெல்லியது, தடை குறைவு, எரிபொருள் மிச்சம். ஆனால் அவ்வுயரத்திற்கு ஏறவே ஏறத்தாழ இருபது நிமிடமும், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரமும் வேண்டும். இறங்குவதற்கும் அதே போல. நம் விமானம் முழு உயரத்தைத் தொடுமுன் சிதம்பரம் மட்டுமன்று, கொள்ளிடமும் பின்னால் போய்விடும்!

மேலும், விமானக் கால அட்டவணையில் அச்சிடப்படும் நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நின்ற இடத்தைவிட்டு அசையும் கணத்திலிருந்து, சேர வேண்டிய நிலையத்தில் ஓய்ந்து நிற்கும் கணம் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதை வரை உருண்டு செல்வது, முன்னால் நிற்கும் விமானம் கிளம்பும் வரை காத்திருப்பது, இறங்குவதற்கு முறை வரும் வரை வட்டமிடுவது எல்லாம் அதில் சேரும்.

சென்னை – திருச்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஆகாயத் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். விசிறி பொருத்திய சிறிய விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்லும். கணக்குப்படி 36 நிமிடம். அட்டவணையிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம்! இதோடு முடிந்ததா? விமான நிலையத்துக்கு முன்கூட்டியே செல்ல வேண்டும். பெட்டி படுக்கையைச் சோதிப்பார்கள். இறங்கியபின் ஊருக்குள் வர வேண்டும். எல்லாம் கூட்டினால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. 2023ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலோ, சென்னை எழும்பூரிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறக்கிவிடுகிறது. எது வேகம்?

இதே கதைதான் ஐரோப்பாவிலும். லண்டனுக்கும் பாரிசுக்கும் ஆகாயத் தூரம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். நம் சென்னை – திருச்சியைவிடச் சிறிதே அதிகம். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் இவ்விரு நகரங்களுக்கிடையே தினசரி விமானச் சேவை தொடங்கியபோது, முதல் விமானம் ஒற்றைப் பயணியோடு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பறந்தது. இன்று அட்டவணை நேரம் ஒன்றேகால் மணி அளவு. ஆனால் 1994ஆம் ஆண்டு கடலுக்கடியில் 50 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறக்கப்பட்டபின், ரயில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் நகரின் நடுவிலிருந்து மறு நகரின் நடுவுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே பெரும்பாலோர் ரயிலையே நாடுகிறார்கள்.

அப்படியானால் குறுகிய தூரத்துக்கு விமானமே கூடாதா? அப்படியும் சொல்வதற்கில்லை. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே 1967 முதல் ஒரு சிறு விமானம் பறந்து வருகிறது. தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. நேரம் இரண்டே நிமிடம்! உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் இதுதான். ஆசிரியர்களும் மருத்துவர்களும் மாணவர்களும் அதில் சென்று வருகிறார்கள். நடுவே கொந்தளிக்கும் கடல் இருப்பதால் அங்கே அது ஆடம்பரம் அன்று; அவசியம். நமக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே வெள்ளாற்றுப் பாலம் இருப்பதால் நமக்கு அது தேவையில்லை. நமக்கு அருகிலுள்ள புதுச்சேரி விமான நிலையத்தில் 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் சேவை தொடங்கியது. தொலைவூர்களுக்கே அது பயன்படும்.

காற்று உதவும், காற்று தடுக்கும்

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டாமா? விமானத்தில் அப்படி இல்லை. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம். திரும்பி வர ஏறத்தாழ ஏழு மணி நேரம். தூரம் அதே 5,500 கிலோமீட்டர் அளவுதான்.

“பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும்போது ஊர் நம்மை நோக்கி வர வேண்டுமே! ஏன் அதிக நேரம்?” என்று சிலர் கேட்கலாம். பூமியோடு அதன் காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி, ஓடும் ரயிலுக்குள் ஒரு பேனாவை மேலே எறிந்து பாருங்கள். அது பின்னால் உள்ள பெட்டியில் போய் விழுவதில்லை. நம் கையிலேயே விழுகிறது. விமானமும் அப்படித்தான். உண்மைக் காரணம் வேறு. வட அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக வேகமான காற்றோட்டம் ஒன்று ஆறு போல் ஓடுகிறது. கிழக்கே செல்லும் விமானம் ஆற்றோடு நீந்துகிறது. மேற்கே செல்லும் விமானம் எதிர்நீச்சல் போடுகிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. ‘கான்கார்டு’ என்ற விமானம் ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்து, லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் சென்றது. 1976 முதல் பயணிகளை ஏற்றிய அது, 2003இல் ஓய்வு பெற்றது. எரிபொருள் செலவும் பேரிரைச்சலும் அதற்குப் பாதகமாயின. காலம் முன்னேற முன்னேற வேகம் கூடிக்கொண்டே போகும் என்று நாம் நினைக்கிறோம். அது எப்போதும் உண்மையாவதில்லை.

கடிகாரம் செய்யும் மாயம்

நம் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குச் சென்றவர்கள் பலர். நம் தோழியர் சிலரின் தந்தையரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறோம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து துபாயும் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே; சென்னை ஒரு தராசின் முள்ளைப் போல நடுவில் நிற்கிறது! இரண்டுக்கும் பயண நேரம் நாலேகால் மணி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

இரண்டு விமானங்களும் சென்னையில் காலை பத்து மணிக்குப் புறப்படுகின்றன. சிங்கப்பூர் விமானம் சேரும் நேரம் மாலை 4.45 என்று பயணச் சீட்டில் இருக்கும். துபாய் விமானம் சேரும் நேரமோ பகல் 12.45! ஒன்றுக்கு ஆறே முக்கால் மணி, மற்றதற்கு இரண்டே முக்கால் மணி என்று தோன்றுகிறது அல்லவா? இரண்டும் தவறு. சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆறே முக்காலிலிருந்து இரண்டரையைக் கழித்தால் நாலேகால். இரண்டே முக்காலோடு ஒன்றரையைக் கூட்டினாலும் நாலேகால். பயணச் சீட்டில் எப்போதும் அந்தந்த ஊரின் நேரமே எழுதப்படும் என்பதை நினைவில் வைத்தால் ஏமாற்றம் இல்லை. “விமானம் இறங்கி இரண்டு மணி நேரம் ஆகியும் அப்பா பேசவில்லையே” என்று தாய்மார் வீணாகக் கலங்கவும் வேண்டியதில்லை. துபாய்க் கடிகாரத்தின் 12.45 நமக்குப் பகல் 2.15 அல்லவா?

ஆறு மாதம், ஒரு வாரம், நாலேகால் மணி

நேரம் எவ்வளவு சுருங்கியது என்பதற்கு நம் ஊரே சாட்சி. தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690ஆம் ஆண்டு விலைக்கு வாங்கினர். அந்நாளில் இங்கிலாந்திலிருந்து பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இக்கரைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். இங்கிருந்து ஒரு கேள்வி எழுதினால் பதில் வர ஓர் ஆண்டு. 1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது ஆப்பிரிக்காவைச் சுற்றும் தூரமே இல்லாமற் போயிற்று. தூரம் உண்மையில் குறைந்தது அப்போதுதான்.

விமானத் தபாலின் கதையும் சென்னையோடு சேர்ந்தது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாக அத்தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் சாமானிய மக்களுக்கு நெடுங்காலம் கப்பலே கதியாக இருந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜுலா’ என்ற கப்பல் பல ஆண்டுகள் சென்று வந்தது. அதற்குப் பின் அவ்வழியில் ஓடிய கப்பலின் பெயர் என்ன தெரியுமா? ‘சிதம்பரம்’! ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். தட்டுமுட்டுச் சாமான்களோடும் ஊறுகாய் ஜாடிகளோடும் நம் முன்னோர் அதில் சென்றனர். 1985ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தக் கப்பல் சேவையும் நின்றது. ஒரு வாரம் நாலேகால் மணியாகச் சுருங்கியதன் பின்னால் இத்தகைய துயரங்களும் உண்டு.

விமான வேகத்தில் வந்த அலை

இதுவரை சொன்னவை பிரயாணக் கணக்குகள். இந்த எளிய வகுத்தல் கணக்கு உயிர் காக்கும் கணக்காகவும் ஆகும் என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. பிளவு சில நிமிடங்களில் வடக்கே நிக்கோபார், அந்தமான் தீவுகளை நோக்கி நீண்டது. நாங்கள் அப்போது பிறக்கவில்லை. ஆனால் எங்கள் பெற்றோரும் ஆசிரியைகளும் அந்நாளைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்வதை இன்றும் கேட்கிறோம். நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைக்கு அப்பால் வரை கரையோரக் குப்பங்கள் சின்னாபின்னமாயின.

அந்த அலை எவ்வளவு வேகத்தில் வந்தது? ஆழ்கடலில் சுனாமியின் வேகத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சூத்திரம் உண்டு. கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். ஆழம் 3,500 மீட்டர் என்று கொண்டால், 9.8-ஆல் பெருக்க 34,300, வர்க்கமூலம் 185. அதாவது வினாடிக்கு 185 மீட்டர்; மணிக்கு ஏறத்தாழ 667 கிலோமீட்டர். அலை விமானத்தின் வேகத்தில் வந்திருக்கிறது!

நிக்கோபார் தீவுகளின் அருகிலிருந்து கடலூருக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். 667-ஆல் வகுத்தால் இரண்டேகால் மணி நேரம். 6.29 உடன் கூட்டினால் 8.44. அலை நம் கரையைத் தாக்கியதும் காலை எட்டரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில்தான். பத்தாம் வகுப்புக் கணக்கு உண்மையோடு ஒத்துப்போகிறது.

தோழியரே, இந்த இரண்டேகால் மணி நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெல்ல நடக்கும் தாய்கூட அந்த நேரத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் உள்நாட்டுக்குச் சென்றிருக்கலாம். ஒரு கிலோமீட்டரோ இரண்டு கிலோமீட்டரோ சென்றிருந்தாலே பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள். நேரம் இருந்தது, நடக்கக் கால்கள் இருந்தன. இல்லாதது செய்தி ஒன்றுதான். வானொலிச் செய்தி அலையைவிடப் பல இலட்சம் மடங்கு வேகமானது. ஆனால் அதை அனுப்ப அன்று இந்துமாக்கடலில் எந்த ஏற்பாடும் இல்லை. 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. கடலடியில் பெரும் நில அதிர்வு ஏற்பட்ட சில நிமிடங்களில் எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு அலை வரும் என்று அங்கே கணக்கிடுகிறார்கள். அவர்கள் செய்வதும் அடிப்படையில் நாம் மேலே செய்த கணக்குத்தான்.

கரையை நெருங்கும்போது ஆழம் குறைவதால் அலையின் வேகம் குறையும், உயரமோ கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் அளவு. அப்போதும் நம்மால் அதை முந்தி ஓட முடியாது. ஆகவே, கடல் திடீரென உள்வாங்கினால் கிளிஞ்சல் பொறுக்கச் செல்லாமல் உடனே மேட்டுப்பாங்கான இடத்துக்குச் செல்ல வேண்டும். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்தில், அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. மரங்கள் அலையின் வேகத்தை உடைத்து, நமக்கு நேரத்தைத் தந்தன. அந்தக் காடுகளைக் காப்பதும் நம் கடமை.

முடிவுரை

தூரம் என்பது பூமியின் சொத்து. அதை நம்மால் எளிதில் மாற்ற முடியாது. நேரம் என்பது வழி, வாகனம், காற்று, காத்திருப்பு, செய்தி ஆகிய அனைத்தும் சேர்ந்து உண்டாக்குவது. அதை மாற்ற முடியும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் விமானம் தேவையில்லை. ஆனால் நல்ல பாலமும், நேரத்துக்கு வரும் பேருந்தும், அழைத்தவுடன் வரும் 108 ஆம்புலன்ஸும் தேவை. நோயுற்றவர் ஒருவருக்கு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்பது முக்கியமன்று. எத்தனை நிமிடம் என்பதே முக்கியம்.

அடுத்த முறை யாரேனும், “அந்த ஊர் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், கிலோமீட்டரையும் சொல்வோம், மணியையும் சொல்வோம், இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்வோம். விடுமுறையில் அட்லஸை விரித்து, உங்கள் ஊருக்கும் பள்ளிக்கும் உள்ள ஆகாயத் தூரத்தை நீங்களே பிதாகோரஸ் முறையில் கண்டுபிடித்துப் பாருங்கள். கணக்கு நோட்டில் மட்டும் வாழ்கிறது என்று நாம் நினைத்த தேற்றம், நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவதைக் காண்பீர்கள்.